பயத்தில் எழுதிய வரி

பஸ்மியாவைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றி முதலில் சொல்வது அவளுடைய பயத்தைத்தான். கிண்ணியாவில் பஸ் ஏறினால் பாலத்தைக் கடந்து முடிக்கும்வரை நபியின் பேரில் சலவாத்து ஓதிக்கொண்டிருப்பாள். பாலம் கட்டி எத்தனையோ வருடமாகிவிட்டது, ஒரு கல்லும் அசையவில்லை, ஆனாலும் ஓதுவாள். வீட்டுக் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனைவரை போனபிறகு திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பதினாறு வயது. ஒன்றுமில்லை, அலை கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுச் செருப்பை எடுக்கத் திரும்பிப் போன சாச்சி, உம்மாவின் தங்கை, பிறகு வரவில்லை. அன்றிலிருந்து யாராவது ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால்தான் அவளுக்குப் பயம் பிடிக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை கலீலுர் றஹ்மான் கடலுக்குப் போகிறவன். விதிக்கும் கொஞ்சம் பகிடி தெரியும் போலிருக்கிறது. வேலையும் அப்படித்தான் அமைந்தது. துறைமுகக் கரையில் படகு உரிமையாளர் சங்கமொன்று இருக்கிறது. கீழே ஐஸ் அறை, மேலே மூன்று அறைகள், எல்லாவற்றிலும் மீன் வாடை. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த படிப்பு அவளை அங்கே கொண்டுவந்து உட்காரவைத்து ஒன்பது வருடமாகிறது. பயந்தவர்கள் கவனமானவர்கள். எதை மாற்றினாலும் எழுதிவைக்க நீலமட்டைக் கொப்பி ஒன்று வைத்திருந்தாள். எந்தக் கம்பியை எந்தத் துளையில் செருகினாள் என்பதுவரை அதில் இருக்கும்.

சங்கத்தின் உயிர் என்று சொல்லவேண்டியது மூலையிலிருந்த வயர்லஸ் அறையைத்தான். அங்கே கதிரை போட்டிருப்பவர் அபூதாஹிர். எழுபதை எட்டப்போகிறவர், இரண்டு கண்ணிலும் வெண்படலம். தினமும் பின்னேரம் இரண்டு மணிக்கு இணையத்திலிருக்கும் கடல் வானிலைப் பக்கத்தைத் திறந்து, திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு வரையிலான வரியைத் தேடி, காற்று எவ்வளவு, கடல் எப்படி என்று ஆழ்கடலில் நிற்கும் படகுகளுக்கு வாசிப்பார். அவர் ஒவ்வொரு படகின் பேராகக் கூப்பிட, ஒவ்வொன்றும் கேட்டது என்று பதில் சொல்லும். இருபது படகு. எழுத்து தெரியவில்லை என்று அவர் குறைப்பட்டபோது பஸ்மியாதான் அவருடைய திரையை இரட்டிப்பாகப் பெருப்பித்துக் கொடுத்தாள். பெருப்பித்ததில் பக்கத்தின் தலைப்பும் திகதியும் மேலே ஏறித் திரைக்கு வெளியே போய்விட்டன. காற்று எவ்வளவு என்பதுதானே முக்கியம், திகதி கலண்டரில் இருக்கிறது என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

பங்குனியில் சங்கம் இணைய இணைப்பை வேறொரு கம்பனிக்கு மாற்றியது. நாலு கணினிக்கும் ஒரே இணைப்பு. ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கணினி ஒன்றைத் தூசு தட்டி, இரண்டு வலைக்கம்பி பொருத்தும்படி செய்து, அதை வாசலாக வைத்தாள் பஸ்மியா. உள்ளே இருக்கும் கணினிகள் வெளியே போகும்போது தங்கள் முகத்தோடு போவதில்லை. வாசலின் முகத்தை மாட்டிக்கொண்டு போகும். வெளியில் இருப்பவனுக்கு ஒரு ஆள்தான் தெரியும். பதில் வந்தால் எது யாருக்கு என்று பார்த்து வாசல் உள்ளே பிரித்துக் கொடுக்கும். அபூதாஹிர் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப நம்மட அன்ஸார்ட கூட்டம் மாதிரித்தான்” என்றார்.

அவர் சொன்னது சரி. அன்ஸார் ‘நூறுல் பஹ்ர்’ என்ற பெரிய படகின் ஸ்கிப்பர். அவருடைய படகோடு மூன்று சின்னப் படகுகளும் போகும். தூரத்துக்குக் கதைக்கும் வயர்லஸ் பெரிய படகில் மட்டும்தான். கரையில் இருப்பவர்களுக்கு நூறுல் பஹ்ர் என்ற ஒரு பேர்தான் தெரியும். அதற்குப் பின்னால் நிற்கும் மூன்றுக்கும் அதுதான் வாயும் காதும். அந்த மூன்றில் ஒன்றில்தான் கலீலுர் றஹ்மான் போகிறான். அதனால் அந்த உவமை பஸ்மியாவுக்கு நன்றாக விளங்கியது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வாசல் வைத்த அன்றைக்கு எல்லாம் ஓடியது, ஒன்றைத் தவிர. எண்ணைக் கொடுத்துக் கேட்டால் வெளியிலிருந்து பதில் வந்தது. பேரைக் கொடுத்துக் கேட்டால் ஊமை. கணினிக்கு எண்தான் தெரியும். இன்ன பேருக்கு இன்ன எண் என்று சொல்வதற்கு வெளியில் ஒரு சேவை வேண்டும். வாசலிடம் யாரைக் கேட்கவேண்டும் என்று அவள் எழுதியிருந்தது பழைய கம்பனியின் சேவையை. அது தன் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் வாய் திறக்கும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று மணித்தியாலம் பிடித்தது. அதற்குள் மணி ஒன்று ஐம்பது. அபூதாஹிர் கதவில் வந்து நின்று, “புள்ள, வாசிக்க ஒண்டும் வரல்லியே” என்றார்.

அப்போதுதான் அந்த வரியை எழுதினாள். வாசல் கணினிக்குள்ளேயே பேரும் எண்ணும் எழுதிவைக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் இருந்தால் வாசல் வெளியே போய் யாரையும் கேட்காது. வானிலைப் பக்கத்தின் பேரையும் அன்று அதற்கிருந்த எண்ணையும் அதில் எழுதிவிட்டாள். இரண்டு மணிக்கு வாசிப்பு நடந்தது. இரண்டரை மணிக்குப் புதிய கம்பனியின் சேவையைச் சரியாக எழுதியதும் எல்லாப் பேரும் திறந்தன. இனி அந்த வரி தேவையில்லை, அழிக்கவேண்டும். கையை வைத்தவள் அழிக்கவில்லை. நாளைக்கு இந்தச் சேவையும் நின்றால்? சரியாக இரண்டு மணிக்கு நின்றால்? இருக்கட்டும், ஒரு காவலுக்கு. கொப்பியில் எழுதினாள்: ‘வானிலை, நேர் எண், பிறகு எடுக்கவேணும். விட்டது பயத்துக்கு.’

எட்டு மாதம் ஓடியது. அந்த வரியை அவள் மறந்தே போனாள்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை. கலீலுர் றஹ்மான் ஞாயிறு காலை கடலுக்குப் போயிருந்தான். பஸ் பாலத்தில் ஏறியபோது பஸ்மியா சலவாத்தோடு சலவாத்தாகப் போனில் வானிலைப் பக்கத்தைத் திறந்தாள். வழக்கமாக அவள் அதைப் பார்ப்பதில்லை. பார்த்தால் பயம் கூடும், சங்கத்தில் அபூதாஹிர் சொல்வார்தானே என்று விட்டுவிடுவாள். அன்று மேகம் கறுத்திருந்த விதம் பிடிக்கவில்லை. பக்கம் திறந்தது. சிவப்புக் கட்டம். பின்னேரம் நாலு மணியிலிருந்து மணிக்கு அறுபது, எழுபது கிலோமீற்றர் காற்று, கடல் மிகக் கொந்தளிப்பு, ஆழ்கடலில் நிற்பவர்கள் உடனே கரை திரும்பவும். காலை ஐந்தரைக்கு வெளியிட்டது.

நேற்று அபூதாஹிர் வாசித்தது இருபது, முப்பது. முந்தாநாளும் இருபது, முப்பது.

ஒரு பகலில் இப்படி மாறுமா என்று யோசித்தாள். மாறும்தான், கார்த்திகை. ஆனால் பக்கத்தில் கீழே, நேற்றைய எச்சரிக்கை என்று இன்னொன்றும் இருந்தது. நேற்றும் காற்று கூடும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் அபூதாஹிர் எதை வாசித்தார்? பாலம் முடிந்தது கூடத் தெரியவில்லை.

சங்கத்துப் படிகளை இரண்டிரண்டாக ஏறி வயர்லஸ் அறைக்குள் போனாள். அபூதாஹிர் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். திரையில் பெரிய எழுத்தில் இருபது, முப்பது. பஸ்மியா பக்கத்தின் மேல்முனைக்குப் போனாள். திரைக்கு வெளியே ஒளிந்திருந்த திகதி கீழே வந்தது. திங்கட்கிழமை.

அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, ஆனாலும் விளங்காததுபோல நடித்துக்கொண்டு போய் வாசல் கணினியிடம் கேட்டாள். இந்தப் பேருக்கு என்ன எண்? அது ஒரு எண் சொன்னது. வெளிச் சேவையிடம் நேரே கேட்டாள். அது வேறொரு எண் சொன்னது. வானிலைக்காரர்கள் திங்கட்கிழமை புது இடத்துக்குக் குடிபோயிருக்கிறார்கள். உலகம் முழுக்கப் புது விலாசத்துக்குப் போய்க்கொண்டிருக்க, சங்கம் மட்டும் பூட்டாமல் விட்டுப்போன பழைய வீட்டின் சுவரில் தொங்கிய திங்கட்கிழமையை எட்டிப் பார்த்து இரண்டு நாளாக வாசித்திருக்கிறது. பட்டியலைத் திறந்தாள். அவள் கையால் எழுதிய வரி, எட்டு மாதமாக அங்கேயே இருந்தது. கொப்பியைப் புரட்டினாள். விட்டது பயத்துக்கு.

இருபது படகு. எல்லாம் அவள் சொன்ன பொய்க் காற்றை நம்பி வெளியே நிற்கின்றன. அவளுடைய மனுசனும் நிற்கிறான்.

வரியை அழித்தாள். பக்கம் உடனே சிவப்பாகத் திறந்தது. பிறகு செயலாளர் இராசையாவின் அறைக்குப் போனாள். இராசையா கத்தினால் துறைமுகத்தின் அக்கரையில் நிற்கும் கப்பலுக்கும் கேட்கும். அவரிடம் இதைச் சொல்லவேண்டுமே என்று கதவடியில் ஒரு நிமிடம் நின்றாள். அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் பிறகு நெடுநாள் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

“ஐயா, ரெண்டு நாளா வாசிச்சது பழைய காத்து. என்ட பிழை. உண்மையான காத்து பின்னேரம் வருது.”

இராசையா கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நாற்பது.

“பிழையைப் பிறகு கதைப்பம். வயர்லஸுக்கு வாங்கோ பிள்ளை.”

அபூதாஹிர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடத் தொடங்கினார். ஒன்பதரைக்குள் பத்தொன்பது படகு பதில் சொல்லிவிட்டன. சிலர் சங்கத்தை நல்ல வார்த்தையில் வாழ்த்தினார்கள். அதை இங்கே எழுதத் தேவையில்லை. பலர் கரைக்குக் கிட்டத்தான் நின்றார்கள். பதில் சொல்லாதது ஒன்றுதான்.

“நூறுல் பஹ்ர், நூறுல் பஹ்ர், சங்கம் கூப்பிடுது.”

இரைச்சல் மட்டும் வந்தது. அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பஸ்மியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“செற் பழுதோ?” என்று இராசையா கேட்டார்.

“பழுதில்ல ஐயா. கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க. பதில் சொல்ல மாட்டாங்க,” என்றார் அபூதாஹிர்.

அதற்கொரு காரணம் இருந்தது. போன வருடம் இதே மாதம், அன்ஸாரின் கூட்டம் நல்ல மீன்பாட்டில் நிற்கும்போது வயர்லஸில் அபூதாஹிரின் குரல் வந்தது. அதே கரகரப்பு, அதே இருமல். நூறுல் பஹ்ர், புயல் வருது, உடனே திரும்பு. நாலு படகும் வலையை அரைகுறையாக இழுத்துக்கொண்டு ஓடிவந்தன. கரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அபூதாஹிர் கூப்பிடவேயில்லை. யாரோ அவரைப்போலக் கதைத்து அவர்களைக் கிளப்பிவிட்டு, அந்த இடத்தில் தங்கள் வலையைப் போட்டிருக்கிறார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. இரண்டு மணி வாசிப்பைத் தவிர வேறு எந்த நேரத்திலும் படகின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை, நம்புவதுமில்லை என்று அன்ஸார் முடிவெடுத்துவிட்டார். அதற்குப் பதிலாகத் தங்களுக்குள் ஒரு பேர் வைத்துக்கொண்டார்கள். பயணத்துக்குப் பயணம் அது மாறும்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். இரண்டு நாள் அமைதிக் கடல் என்று சங்கம் வாசித்திருக்கிறது. மூன்றாம் நாள் காலை, வாசிப்பு நேரமல்லாத நேரத்தில், அபூதாஹிரின் இருமலோடு ஒரு குரல் புயல் என்கிறது. அன்ஸார் அங்கே இருந்து சிரித்துக்கொண்டிருப்பார். இரண்டு மணிவரை காத்திருக்கலாம். ஆனால் அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து கரைக்கு ஐந்து மணித்தியாலம். காற்று நாலு மணிக்கு. பஸ்மியா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். கூட்டல் தெரியாத பிள்ளையாக இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

“உள்ளுக்குள்ள ஒரு பேர் வெச்சிருக்காங்க காக்கா,” என்றாள் அபூதாஹிரைப் பார்த்து. “அதச் சொல்லிக் கூப்பிட்டா நம்புவாங்க.”

“என்ன பேர்?”

“தெரியாது. ஆனா எப்படி வைக்கிறதெண்டு எங்கட இவர் சொன்னவர்.”

அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. புருசன் இரகசியமாகச் சொன்னதை ஊரறியச் சொல்கிறோமே என்று பயமாகவும் இருந்தது. படகேறும் அன்று காலை ஸ்கிப்பர் என்ன சாப்பிட்டாரோ, அதுதான் அந்தப் பயணத்தின் பேர். எந்தக் களவாணிக்கும் அடுத்தவன் குசினியில் என்ன வெந்தது என்று தெரியாதல்லவா? ஒருமுறை புட்டு, ஒருமுறை இறால், ஒருமுறை றுக்கியா ராத்தா கோபத்தில் ஒன்றும் சமைக்காததால் வெறுந்தேத்தண்ணி. றுக்கியா, அன்ஸாரின் மனைவி. பஸ்மியா போனை எடுத்தாள். றுக்கியாவின் எண்ணை அழுத்தினாள்.

“ராத்தா, ஞாயித்துக்கிழம காலையில அன்ஸார் நானாக்கு என்ன சாப்பாடு குடுத்தீங்க?”

“என்னடி புள்ள இது கேள்வி? நான் ஊட்டயே இல்லயே. மகளுக்குப் புள்ள கிடைச்சு மூதூர்ல நிக்கிறன், ஒரு கிழமையாச்சு.”

பஸ்மியா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“அப்ப எங்க சாப்பிட்டவர்?”

“உங்கட ஊட்டதானே? கலீல் தம்பி ரெண்டு பேருக்கும் சேத்துப் பார்சல் கொண்டு வந்தவரெண்டு போன்ல சொன்னாரே. ஏன், என்ன நடந்த?”

“பிறகு சொல்றன் ராத்தா. துஆச் செய்யுங்க.”

ஊரெல்லாம் தேடியது தன் வீட்டுக் குசினிக்குள் இருந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு என்ன சமைத்தாள்? கம்பி செருகிய துளைவரை எழுதுகிறவள் சமைத்ததை எழுதுவதில்லையே. ஞாயிறு. ஞாயிறு. கண்ணை மூடினாள். இடியப்பம்? மாவு குழைத்தது ஞாபகம் வந்தது. இடியப்ப உரலில் போட்டது ஞாபகம் வந்தது. அவித்தது ஞாபகம் வரவில்லை. பயம் மூளைக்குள் புகுந்தால் வீட்டுச் சாமானையெல்லாம் இடம் மாற்றிவைத்துவிடும். இரண்டு ஆண்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணி பத்து அடிக்க ஐந்து நிமிடம்.

அவிக்கவில்லை. அவிக்க முடியவில்லை. தண்ணீர் கொதிக்க முன் அடுப்பு அணைந்துவிட்டது. கேஸ் முடிந்துவிட்டது. நேரமாகிவிட்டது என்று கலீலுர் றஹ்மான் வாசலில் நின்று கத்த, பக்கத்துக் கடையில் பாண் வாங்கி, முதல் நாள் வெங்காயம் வதக்கிச் செய்த சீனிச்சம்பலை வழித்துப் போட்டு, யாருக்கென்று சொல்லாமல் இரண்டு பார்சல் கேட்டானே, அடுத்தவனுக்குக் கொடுக்கிற சாப்பாடா இது என்று மனம் கூசக்கூசக் கட்டிக் கொடுத்தாள்.

பாண் கடையுடையது, குசினியில் செய்தது ஒன்றுதான். “சீனிச்சம்பல்,” என்றாள்.

அபூதாஹிர் கையை நீட்டி மைக்கை எடுத்தார். பிறகு அதை மெல்லக் கீழே வைத்தார். “நான் கூப்பிட ஏலாது புள்ள. என்ட குரலத்தானே அவங்க நம்பாத. நீங்க கதைங்க.”

அந்த அறையில் ஒரு பெண் மைக்கைத் தொட்டதில்லை. தொடக்கூடாதென்று யாரும் சொன்னதுமில்லை, நடந்ததில்லை, அவ்வளவுதான். அவள் வாய் திறந்தால் கடலில் நிற்கும் இருபது படகும் கேட்கும். என்ன தைரியம் என்பார்கள், யாருடைய பெண்சாதி என்பார்கள். பஸ்மியா இராசையாவைப் பார்த்தாள்.

“கதையுங்கோ பிள்ளை. நான் பக்கத்தில நிக்கிறன்.”

மைக்கின் பொத்தானை அழுத்தினாள். முதலில் மூச்சுத்தான் போனது. பிறகு குரல் வந்தது. அவளுக்கே அடையாளம் தெரியாத குரல்.

“சீனிச்சம்பல், சீனிச்சம்பல். கேஸ் முடிஞ்ச ஊட்டயிருந்து கதைக்கிறன்.”

பொத்தானை விட்டாள். இரைச்சல். மறுபடி அழுத்தினாள்.

“ரெண்டு நாளா வாசிச்சது பழைய காத்து. பிழை என்ட. அபூதாஹிர் காக்காட பிழையில்ல, என்ட. நாலு மணிக்கு எழுபது வருது. அல்லாஹ்வுக்காகத் திரும்புங்க. சின்னதுகளையும் கூட்டிக்கிட்டுத் திரும்புங்க.”

இரைச்சல் நீண்டது. அபூதாஹிர் கண்ணை மூடியிருந்தார். சன்னலுக்கு வெளியே துறைமுகத்துத் தண்ணீர் ஈயம்போல அசையாமல் கிடந்தது, பொய் சொல்கிற தண்ணீர். பஸ்மியா எண்ணத் தொடங்கினாள். நாற்பத்தொன்று எண்ணும்போது ஒரு குரல் வந்தது. அன்ஸாரின் குரல், சந்தேகத்தோடு.

“கேஸ் மாத்தியாச்சா?”

“ஓம் நானா. அண்டைக்குப் பின்னேரமே மாத்தின.”

பிறகு அங்கே யாரோ பொத்தானை இரண்டு தரம் தட்டினார்கள். டக், டக். கேட்டது, திரும்புகிறோம் என்று அர்த்தம் என அபூதாஹிர் சொன்னார். அவருடைய வெண்படலக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது; கண் வருத்தம் என்றார்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. பயந்தவர்களுக்கு அதைவிடத் தண்டனை கிடையாது. இராசையா அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார், போகவில்லை. மூன்று மணிக்குப் படகுகள் வரத் தொடங்கின. மூன்றரைக்கு மழை. நாலு மணி என்று சொன்ன காற்று நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்து ஐஸ் அறைத் தகரத்தைப் பிடித்து உலுக்கியது. தென்னைகள் குனிந்தன. துறைமுகத்துக்குள்ளேயே அலை எழும்பி இறங்குதுறைக் கல்லில் அடித்தது. பஸ்மியா முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள். இன்றைக்கு இவர்கள் வராவிட்டால் நான் எழுதிய வரிதான் கொன்றது என்று நினைத்தாள். இந்த நினைப்பை அவளிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்ல நல்லவேளை யாரும் துணியவுமில்லை.

நாலரைக்கு நூறுல் பஹ்ர் துறைமுக வாயில் தெரிந்தது. அதன் பின்னால் ஒரு சின்னப் படகு. இன்னொன்று. இரண்டுதான். அவள் திரும்பத் திரும்ப எண்ணினாள், எண்ணினால் கூடிவிடுமா? பெரிய படகு கரை கட்டியதும் அன்ஸார் குதித்து இறங்கி நேரே அவளிடம் வந்தார்.

“சின்னதுகளக் கட்டி இழுத்ததிலதான் பிந்தின. கலீல்ட கயிறு அறுந்திட்டு தங்கச்சி. வாய்க்கிட்டதான் அறுந்த. பின்னால வாறான். எஞ்சின் ஓடுது, நான் கேட்ட.”

கலீலுர் றஹ்மானின் படகு வர இன்னும் இருபத்தைந்து நிமிடம் ஆனது. வலையில்லை, ஐஸ் பெட்டியில்லை. கனம் குறைக்க எல்லாவற்றையும் கடலில் தள்ளியிருந்தார்கள். அவன் உதடு வெளுத்து, உள்ளங்கை கயிற்றில் உரிந்து இரத்தமாக இருந்தது. பஸ்மியா அருகில் போய் நின்றாள். அவன் அவளைப் பார்த்தான்.

“நீதானா வயர்லஸில?”

“ஓம்.”

“அந்தப் பழைய காத்து?”

“அதுவும் நான்தான்.”

அவன் திரும்பிப் படகைக் கட்டினான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தான், பாலத்தில் அவள் சலவாத்து ஓதும்போது வழக்கம்போலப் பகிடி பண்ணவில்லை. அன்றும் கதைக்கவில்லை, அடுத்த நாளும் கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டால் சாப்பிட்டான், கைக்கு மருந்து கட்ட நீட்டினான், கதை மட்டும் இல்லை. இராசையாவாவது விளக்கக் கடிதம் கேட்டார். அவள் உள்ளதை உள்ளபடி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். சங்கக் கூட்டத்தில் அதை அவர் தன் பெரிய குரலில் வாசித்துவிட்டு, இனி வாசிப்பில் முதல் சொல் திகதி என்று தீர்மானம் எழுதினார். வேலை போகவில்லை. ஆனால் புருசனுக்கு என்ன கடிதம் எழுதுவது? அவன் இனி அந்த இரண்டு மணி வாசிப்பை நம்புவானா, அவளை நம்புவானா என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் வானம் வெளுத்தது. இரவல் வலையோடு அன்ஸாரின் கூட்டம் மறுபடி கிளம்பியது. விடிகாலை பஸ்மியா குசினியில் நின்றாள். கேஸை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்திருந்தாள். கலீலுர் றஹ்மான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு குசினிக் கதவடிக்கு வந்தான். றுக்கியா மூதூரிலிருந்து வந்து நாலு நாளாகிவிட்டது. ஸ்கிப்பருக்கு இன்று அவர் வீட்டிலேயே சாப்பாடு இருந்தது. அப்படியிருந்தும் அவன் இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுப்புத் தட்டில் வைத்தான்.

“அன்ஸார் நானா கேக்கச் சொன்னவர்,” என்றான். எட்டு நாளில் அவன் அவளோடு கதைத்த முதல் கதை அது. “இண்டைக்கு என்ன சமையல்?”

பஸ்மியா சட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். சொன்னாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் தலையாட்டிவிட்டு இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனான். நீலமட்டைக் கொப்பி மேசையில்தான் கிடந்தது. அவள் அதைத் திறக்கவில்லை.